நிலம் யாருடையது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள்: கிழக்குத் திமோரும் அரசுகளின் கவலையும் (1975–1999)

ஓர் அரசு, தன் எல்லைக்கு அப்பால், உரிமை இன்னாருக்கு என்று முடிவாகாத ஒரு நிலத்தில் நடக்கும் கொடுமையைப் பற்றிப் பேச முற்படும்போது, அதன் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. அந்த நிலத்தை ஆளும் உரிமை யாருக்கு என்பது முதற்கேள்வி. அங்கு வாழும் மக்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை சொல்லும் அரசு ஏதேனும் ஒரு தரப்பைப் பகைத்துக்கொள்ள நேரும் என்பதால், பெரும்பாலான அரசுகள் அதைத் தொடாமல் விட்டு, இரண்டாவதை மட்டும் 'மனித உரிமை குறித்த கவலை' என்னும் பெயரில் எழுப்புகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற இந்த வழக்கம் எப்படி இயங்குகிறது, எங்கே பயன் தருகிறது, எங்கே மக்களைக் கைவிடுகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு, 24 ஆண்டுகள் இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரின் வரலாறு ஒரு தெளிவான சான்று. அரசுகள் பிரித்துவைத்த இரு கேள்விகளும் அந்தச் சிறு நாட்டு மக்களின் வாழ்வில் ஒருபோதும் பிரிந்திருக்கவில்லை என்பதே அந்த வரலாறு சொல்லும் செய்தி.

கைவிடப்பட்ட குடியேற்ற நாடு

இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தின் தென்கிழக்கில், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே அமைந்த திமோர்த் தீவு, சந்தன மரத்துக்காக ஐரோப்பிய வணிகரை ஈர்த்த நிலம். தீவின் மேற்குப் பாதி டச்சுக்காரரிடமும் கிழக்குப் பாதி போர்ச்சுக்கீசியரிடமும் போய்ச் சேர்ந்தன. இரண்டுக்கும் இடையிலான எல்லைத் தகராறு ஒன்று 1914-இல் ஹேக் நகர நடுவர் மன்றம் வரை சென்றது. டச்சு ஆட்சி விலகியபோது மேற்குத் திமோர் இந்தோனேசியக் குடியரசின் பகுதியானது. சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிழக்குத் திமோரோ போர்ச்சுக்கல்லின் ஆட்சியிலேயே தொடர்ந்தது. 1960 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று அறிவித்தது. தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை என்பது அதன் பொருள். அந்த அறிவிப்புக்கு மறுநாளே நிறைவேறிய மற்றொரு தீர்மானம், போர்ச்சுக்கல் 'கடல் கடந்த மாநிலங்கள்' என்று சொல்லிவந்த நிலங்களைத் 'தன்னாட்சி பெறாத ஆட்சிப்பகுதிகள்' என்று வகைப்படுத்தியது. திமோரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. பின்னாளில் உலக நாடுகள் பலவும் மறக்க விரும்பியபோதும், இந்தப் பட்டியல் மட்டும் திமோரை மறக்கவில்லை.

1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்ததும், போர்ச்சுக்கல்லின் குடியேற்ற நாடுகள் விடுதலையை நோக்கி நகர்ந்தன. திமோரில் புதிய கட்சிகள் தோன்றின. 1975 ஆகஸ்டில் அவற்றுக்கிடையே மூண்ட உள்நாட்டுச் சண்டையில் விடுதலையை வலியுறுத்திய பிரெத்திலின் கட்சி வென்றது. போர்ச்சுக்கீசிய ஆளுநர் தலைநகர் டிலியை விட்டு அருகிலிருந்த ஒரு தீவுக்கு ஒதுங்கினார். இந்தோனேசியப் படைகள் எல்லைப் பகுதிகளில் ஊடுருவத் தொடங்கின; அக்டோபர் 16 அன்று பலிபோ என்ற ஊரில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்குச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் கொல்லப்பட்டனர். நவம்பர் 28 அன்று பிரெத்திலின் விடுதலையை அறிவித்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியா கடல் வழியாகவும் வான் வழியாகவும் டிலியைத் தாக்கிக் கைப்பற்றியது.

தாக்குதலுக்கு முந்தைய நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசியத் தலைவர் சுகார்த்தோவைச் சந்தித்திருந்தனர். 2001-இல் முழுமையாக வெளியான அந்தச் சந்திப்பின் அரசு ஆவணம், திமோரில் விரைவான நடவடிக்கை எடுக்க நேரலாம் என்று சுகார்த்தோ கூறியபோது, விருந்தினர் இருவரும் அதைத் தடுக்க முனையவில்லை என்பதையும், தாங்கள் நாடு திரும்பிய பின் அது நடப்பதே நல்லது என்று கிசிஞ்சர் கருத்துரைத்தார் என்பதையும் காட்டுகிறது. வியட்நாம் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த அந்தச் சூழலில், பொதுவுடைமைக்கு எதிரான பெரிய நட்பு நாடு ஒன்றின் விருப்பத்துக்கு முன், ஏறத்தாழ ஆறரை லட்சம் மக்கள் வாழ்ந்த ஒரு சிறு நிலத்தின் விருப்பம் எடை குறைந்ததாகக் கருதப்பட்டது.

தீர்மானங்கள் தேய்ந்த காலம்

தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் அவை முதற்கேள்வியையே நேரடியாகப் பேசியது. 1975 டிசம்பர் 12 அன்று பொதுச்சபை, இந்தோனேசியா தன் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானத்தை 72 வாக்குகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. 10 நாடுகள் எதிர்த்தன, 43 நாடுகள் வாக்களிப்பைத் தவிர்த்தன. எதிர்த்தவற்றுள் இந்தியா, ஜப்பான், மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆசிய நாடுகள் இருந்தன என்பது, குடியேற்ற ஆட்சியை எதிர்த்து வளர்ந்த இந்தியா போன்ற நாடுகளும் அண்டை நாட்டு உறவு என்று வரும்போது எவ்வாறு முடிவெடுத்தன என்பதைக் காட்டுகிறது. பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு அவை ஒருமனதாகவும், 1976 ஏப்ரலில் மீண்டும் ஒருமுறையும் படை விலக்கத்தைக் கோரியது. இரண்டாம் முறை அமெரிக்காவும் ஜப்பானும் வாக்களிக்காமல் விலகி நின்றன. அக்காலத்தில் ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், இந்த விவகாரத்தில் ஐ.நா. எதையும் சாதிக்காதிருக்க வேண்டும் என்பதே தன் நாட்டு வெளியுறவுத் துறையின் விருப்பமாக இருந்தது என்றும், அதைத் தாம் நிறைவேற்றியதாகவும் பின்னர்த் தம் நினைவுக்குறிப்பு நூலில் எழுதினார்.

1976 மே மாதம் டிலியில் கூட்டப்பட்ட, தேர்தல் வழி வராத 'மக்கள் பேரவை' ஒன்று இணைப்பைக் கோரியதாகச் சொல்லி, இந்தோனேசியா அதே ஆண்டு ஜூலை 17 அன்று கிழக்குத் திமோரைத் தன் 27-ஆம் மாநிலமாக அறிவித்தது. இந்த இணைப்பை எவ்வாறு எதிர்கொள்வது என்பதில் நாடுகள் வேறுபட்ட சொல்லாட்சிகளை உருவாக்கிக்கொண்டன. அமெரிக்கா, இணைப்பு நடந்துவிட்டதை ஏற்பதாகவும், ஆனால் முறையான சுயநிர்ணயம் நடந்ததாகத் தான் கருதவில்லை என்றும் ஒரே மூச்சில் கூறியது. ஆஸ்திரேலியா 1978-இல் 'நடைமுறை ஏற்பு' அளித்தது. கட்டுப்பாடு யார் கையில் உள்ளது என்ற உண்மையை மட்டும் ஒப்புக்கொள்ளும் நிலை அது. 1979-இல் கடலடி எல்லை பற்றி இந்தோனேசியாவோடு பேச்சைத் தொடங்கியபோது அது 'சட்டப்படியான ஏற்பு' என்ற அடுத்த படிக்குச் சென்றது. ஆளும் உரிமையையே ஒப்புக்கொள்ளும் இந்த நிலைக்கு வந்த மேலை நாடு அது ஒன்றே. திமோருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட கடலின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன. அவற்றைப் பங்கிட ஒப்பந்தம் வேண்டுமெனில், எதிர்க்கரையின் உரிமையாளர் யார் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த ஆண்டுகளில்தான் திமோர் மக்கள் மிகக் கொடிய அழிவைச் சந்தித்தனர். மலைகளில் புகலடைந்த மக்களை இந்தோனேசியப் படை சுற்றி வளைத்தது, பயிர்கள் அழிக்கப்பட்டன, சரணடைந்தோர் போதிய உணவும் மருந்தும் இல்லாத முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1978 செப்டம்பரில் ஜகார்த்தாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட அயல்நாட்டுத் தூதர்கள் பட்டினியால் ஒடுங்கிய மக்களைக் கண்ணால் கண்டார்கள். ஆயினும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெரும் நிவாரணப் பணி தொடங்க 1979-இன் பிற்பகுதி வரை ஆயிற்று. மலைகளிலிருந்து போராளிகள் அனுப்பிய செய்திகளை வடக்கு ஆஸ்திரேலியாவில் பெற்றுக்கொண்டிருந்த வானொலிக் கருவியை ஆஸ்திரேலிய அரசே பறிமுதல் செய்தது. 1977-இல் அமெரிக்கக் கீழவையின் துணைக்குழு ஒன்று, டிலியில் முன்பு ஆஸ்திரேலியத் துணைத்தூதராக இருந்த ஜேம்ஸ் டன்னின் சாட்சியத்தைக் கேட்டது. வெளிநாடுகளின் மனித உரிமை நிலை குறித்து வெளியுறவுத் துறை ஆண்டறிக்கை அளிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கோரத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் அறிக்கை எழுதிய அதே அரசு, மலைப்போருக்கு உகந்த ஓவி-10 பிராங்கோ விமானங்களை இந்தோனேசியாவுக்குத் தொடர்ந்து வழங்கியது.

பொதுச்சபையின் ஆதரவு ஆண்டுதோறும் தேய்ந்தது. 1982-இல் நிறைவேறிய கடைசித் தீர்மானத்துக்கு 50 நாடுகள் ஆதரவளித்தன, 46 எதிர்த்தன, 50 விலகி நின்றன. அத்தீர்மானம் சிக்கலைப் பொதுச்செயலரின் நல்லெண்ண முயற்சிக்கு விட்டது. அதாவது, போர்ச்சுக்கல்லும் இந்தோனேசியாவும் அவர் முன்னிலையில் பேச வேண்டும். திமோர் மக்களுக்கு அந்த மேசையில் இருக்கை இல்லை. மறு ஆண்டு முதல், தோல்வியை அஞ்சிய போர்ச்சுக்கல் பொதுச்சபையில் வாக்கெடுப்பையே கோரவில்லை. நிலத்தைப் பற்றிய கேள்வி இவ்வாறு வெளிப்படையான அவையிலிருந்து வெளியேறியது.

ஜெனீவாவின் குறுகிய வாசல்

பெரிய வாசல் அடைபட்ட பின், எஞ்சிய குறுகிய வாசல் ஜெனீவாவில் இருந்த மனித உரிமை ஆணையம். அரசுகளின் பிரதிநிதிகளால் ஆன இந்த அமைப்பு, ஒரு நாட்டின் நிலையைப் பல படிகளில் எழுப்ப வாய்ப்பளித்தது. மிக மென்மையான படி, மூடிய அறையில் முறையீடுகளை ஆராய்வது. 1970-இல் உருவான இந்த நடைமுறையின்படி, எந்த நாடு ஆராயப்படுகிறது என்பதற்கு மேல் எதுவும் வெளியே சொல்லப்படமாட்டாது. அடுத்த படி, ஆணையத்தின் தலைவர் எல்லாருடைய ஒப்புதலோடும் படிக்கும் அறிக்கை. குற்றம் சாட்டப்பட்ட நாடே அதன் சொற்களைப் பேரம் பேசி மென்மையாக்க முடியும். அதற்கு மேல், வாக்கெடுப்பின் வழி வரும் தீர்மானம். அதற்கும் மேல், நேரில் சென்று ஆராய்ந்து எழுதும் சிறப்பு அறிக்கையாளரின் பணி. எந்தப் படியில் பேசுவது என்ற தெரிவிலேயே ஓர் அரசின் உண்மையான அக்கறையை அளந்துவிடலாம்.

1980-களின் முதற்பாதியில் கிழக்குத் திமோர் மூடிய அறை நடைமுறையில் ஆராயப்பட்டது. 1985-இல் ஆணையம் அதையும் கைவிட்டது. வல்லுநர்களைக் கொண்ட துணை ஆணையம் மட்டும் அவ்வப்போது தீர்மானங்களை நிறைவேற்றிச் செய்தியை உயிரோடு வைத்திருந்தது. இந்த இருண்ட ஆண்டுகளில் அரசுகளுக்கு எட்டிய செய்திகளின் மூல ஊற்றாக இருந்தது, ஊர்தோறும் பங்குத்தந்தையரையும் கன்னியரையும் கொண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபை. டிலி மறைமாவட்டத்தை நிர்வகித்த மார்த்தினோ டா கோஸ்தா லோபெஸ் கொலைகளையும் பட்டினியையும் வெளிப்படையாகக் கண்டித்ததால் அழுத்தத்துக்கு ஆளாகி 1983-இல் பதவி விலக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த கார்லோஸ் பெலோ, 1989-இல் ஐ.நா. பொதுச்செயலருக்கே கடிதம் எழுதி மக்கள் வாக்கெடுப்பைக் கோரினார். வத்திக்கான் டிலி மறைமாவட்டத்தை இந்தோனேசிய ஆயர் பேரவையோடு இணைக்காமல் நேரடியாகத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. இணைப்பை ஏற்கவில்லை என்பதை அறிக்கை எதுவுமின்றி உணர்த்திய செயல் அது.

1986-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த போர்ச்சுக்கல்லுக்கு, தனித்து நின்றபோது இல்லாத பலம் கிடைத்தது. இந்தோனேசியாவோடு ஐரோப்பா செய்யும் ஒவ்வோர் உடன்பாட்டின்போதும் திமோரின் பெயரைச் சொல்ல அதனால் முடிந்தது. ஆயினும் பிற ஐரோப்பிய நாடுகள் வணிகத்தையும் ஆயுத விற்பனையையும் விட்டுக்கொடுக்க முன்வரவில்லை. 1989 டிசம்பரில் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்களான கரேத் எவன்ஸும் அலி அலாத்தாஸும் திமோர்க் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் கடலடி எண்ணெய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

சாந்தா குரூஸ்

1991 நவம்பரில் போர்ச்சுக்கீசிய நாடாளுமன்றக் குழு ஒன்று திமோருக்கு வருவதாக இருந்தது. தங்கள் குரலை வெளியுலகம் கேட்கப்போகிறது என்று காத்திருந்த இளைஞர்களுக்கு, குழுவோடு வரவிருந்த ஒரு பத்திரிகையாளரை இந்தோனேசியா மறுத்ததால் எழுந்த சிக்கலில் அந்தப் பயணம் கைவிடப்பட்டது பேரிடியானது. அந்நாள்களில் மோத்தாயெல் தேவாலயத்தில் கொல்லப்பட்ட இளைஞர் செபாஸ்தியாவோ கோமெஸின் நினைவுத் திருப்பலிக்குப் பின், நவம்பர் 12 காலை, ஆயிரக்கணக்கானோர் பதாகைகளை ஏந்தி அவருடைய கல்லறை இருந்த சாந்தா குரூஸ் இடுகாட்டுக்கு ஊர்வலமாக நடந்தனர். அங்கே படையினர் கூட்டத்தின்மீது சுட்டனர். சித்திரவதை குறித்து ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பீட்டர் கோய்மான்ஸ் அன்று அதே நகரில் இருந்தார். இறந்தோர் 19 பேர் என்று முதலில் படை கூறியது. இந்தோனேசிய விசாரணைக் குழு ஏறத்தாழ 50 என்றது. திமோரிய ஆதரவாளர்கள் வீடுவீடாகத் திரட்டிய பட்டியலில் 271 பெயர்கள் இருந்தன.

இதற்கு முன்னும் திமோரில் பெருங்கொலைகள் நடந்திருந்தன. ஆனால் அவற்றுக்குப் படச்சான்று இல்லை. இம்முறை பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர் மாக்ஸ் ஸ்டால், இடுகாட்டுக்குள் சிதறி ஓடும் மக்களையும் குருதியில் கிடந்தவர்களையும் படம்பிடித்து, ஒளிநாடாக்களைப் புதிய கல்லறை ஒன்றில் புதைத்துவைத்து, பின் மீட்டு நாட்டைவிட்டு வெளியே அனுப்பினார். பார்த்தோரின் மனத்தை உலுக்கிய அந்தக் காட்சிகள், மறுக்கவும் மழுப்பவும் பழகியிருந்த அரசுகளிடமிருந்து அந்த வாய்ப்பைப் பறித்தன.

அதன் பின்னரும் அரசுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. நெதர்லாந்து, டென்மார்க், கனடா ஆகியவை உதவியை நிறுத்திவைத்தன. ஆஸ்திரேலிய அமைச்சர் எவன்ஸ், இது அரசின் கொள்கைவழிச் செயல் அன்று, வழிதவறிய நடத்தை என்று விளக்கினார். உதவியை மனித உரிமையோடு பிணைக்கக் கூடாது என்று கூறி, இந்தோனேசியா 1992 மார்ச்சில் டச்சு உதவியையே மறுத்து, நெதர்லாந்து தலைமை தாங்கிய உதவி நாடுகளின் குழுவையும் கலைக்கச் செய்தது. ஆனால் உலக வங்கியின் தலைமையில் உருவான புதிய குழு, டச்சு உதவி இல்லாத குறையை எளிதில் நிரப்பிவிட்டது. கொடை நாடுகள் ஒன்றுபடாத வரை ஒரு நாட்டின் தனித்த கண்டனம் எவ்வளவு எளிதில் ஈடுசெய்யப்படும் என்பதற்கு இதுவே சான்று.

1992-இல் ஜெனீவா ஆணையம் தலைவரின் அறிக்கையோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம், நிர்வாகத்தின் விருப்பத்துக்கு மாறாக, இந்தோனேசிய அதிகாரிகளுக்கான ராணுவப் பயிற்சி உதவியை வெட்டியது. 1993 மார்ச்சில் புதிய அமெரிக்க நிர்வாகம் நிலையை மாற்றித் தீர்மானத்துக்கு ஆதரவளிக்க, ஆணையம் 22 வாக்குகளுக்கு 12 என்ற கணக்கில், 15 நாடுகள் விலகி நிற்க, கிழக்குத் திமோரில் நடக்கும் மீறல்கள் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தது. தீர்மானத்தின் ஒரு விளைவாக, சட்டத்துக்குப் புறம்பான கொலைகளை ஆராயும் சிறப்பு அறிக்கையாளர், செனகல் நாட்டுச் சட்டவல்லுநர் பக்ரே வாலி ந்தியாயே 1994 ஜூலையில் டிலிக்குச் சென்றார். சாந்தா குரூஸில் நடந்தது கலவரச் சூழலில் தானாக வெடித்த செயல் அன்று, ஆயுதமற்ற மக்களின் அரசியல் எதிர்ப்பை ஒடுக்கத் திட்டமிட்ட படை நடவடிக்கை என்ற முடிவுக்கு அவர் வந்தார். சுட்ட படையினர் சிலருக்கு மாதக் கணக்கில் சிறை விதிக்கப்பட்டதையும், ஊர்வலத்தை ஒழுங்குசெய்த இளைஞர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கப்பட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், அங்கு நீதி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது விளங்கும். அழுத்தத்தின் நல்விளைவு ஒன்றும் உண்டு: 1993-இல் இந்தோனேசியா தனக்கென ஒரு தேசிய மனித உரிமை ஆணையத்தை நிறுவியது, அது சில வழக்குகளில் படையின் கூற்றை மறுக்கும் துணிவையும் காட்டியது.

ஹேக் மன்றத்தின் விடை

போர்ச்சுக்கல் முதற்கேள்வியை வேறொரு வாசலிலும் தட்டியது. இந்தோனேசியா பன்னாட்டு நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்காததால் அதன்மீது வழக்குத் தொடர முடியவில்லை. எனவே எண்ணெய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆஸ்திரேலியாவின்மீது 1991 பிப்ரவரியில் வழக்குத் தொடரப்பட்டது. 1995 ஜூன் 30 அன்று, 14-க்கு 2 என்ற பெரும்பான்மையில், மன்றத்தில் இல்லாத இந்தோனேசியாவின் செயல் சட்டப்படி சரியா என்று முடிவு செய்யாமல் ஆஸ்திரேலியாவைப் பற்றித் தீர்ப்பளிக்க இயலாது என்று நீதிமன்றம் கூறி வழக்கைக் கைவிட்டது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய இருவரில் ஒருவர் இலங்கை நீதிபதி சி. ஜி. வீரமந்திரி; மூன்றாம் நாடு ஒன்றின் வருகையின்மையைக் காரணம் காட்டி, ஒரு மக்களின் உரிமையை மதிக்கும் கடமையிலிருந்து வழக்கில் உள்ள நாட்டை விடுவிக்க முடியாது என்பது அவர் எழுதியதன் சாரம்.

எனினும் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வெற்றி அடங்கியிருந்தது. சுயநிர்ணய உரிமையை மதிக்கும் கடமை எல்லா நாடுகளுக்கும் உரியது என்பதையும், கிழக்குத் திமோர் இன்னும் தன்னாட்சி பெறாத ஆட்சிப்பகுதியே, அதன் மக்களுக்கு அந்த உரிமை உண்டு என்பதையும் மன்றம் உறுதிப்படுத்தியது. 1960-இன் பட்டியல் 35 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தது. மறு ஆண்டு பெலோவுக்கும், விடுதலை இயக்கத்தின் வெளிநாட்டுக் குரலாக விளங்கிய ஹோசே ரமோஸ்-ஹோர்த்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது; ஐரோப்பிய ஒன்றியமும் 1996 ஜூனில் திமோர் பற்றி ஒரு பொது நிலைப்பாட்டை அறிவித்தது. இதே காலத்தில் பிரிட்டன் ஹாக் வகைப் போர் விமானங்களை இந்தோனேசியாவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்றைச் சுத்தியலால் உடைத்த பெண்களை லிவர்பூல் நீதிமன்றத்தின் நடுவர் குழு 1996 ஜூலையில் விடுவித்தது.

1999: கவலைக்கு விலை வைத்த நாள்கள்

1997-இன் ஆசியப் பொருளாதார நெருக்கடியில் இந்தோனேசிய நாணயம் வீழ்ந்தது. 1998 மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். அடுத்து வந்த பி. ஜே. ஹபிபி, கடனுதவியை நம்பியிருந்த நாட்டுக்குத் திமோர் ஓயாத சுமை என்று கண்டு, 1999 ஜனவரியில், இந்தோனேசியாவுக்குள் விரிந்த தன்னாட்சியை ஏற்பதா மறுப்பதா என்பதை மக்களே சொல்லலாம் என்று அறிவித்தார். மே 5 அன்று இந்தோனேசியாவும் போர்ச்சுக்கல்லும் ஐ.நா.வும் கையெழுத்திட்ட உடன்பாடுகள், வாக்கெடுப்பின்போது பாதுகாப்புப் பொறுப்பை இந்தோனேசியப் பாதுகாப்பு அமைப்புகளிடமே விட்டன; நாடுகள் பலவும் அறிந்தே ஏற்ற இந்தக் குறை பின்னர்ப் பெரும் உயிர்ச்சேதமாக முடிந்தது. ஆகஸ்ட் 30 அன்று, படையின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்களின் மிரட்டலை மீறி, பதிவு செய்த வாக்காளரில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் வாக்களித்தனர், 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சியை மறுத்து விடுதலையைத் தேர்ந்தனர்.

செப்டம்பர் 4 அன்று முடிவு வெளியானதும் நாடு தீக்கிரையானது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சுமார் 2,50,000 பேர் மேற்குத் திமோருக்குச் சென்றனர் அல்லது கொண்டு செல்லப்பட்டனர். நாட்டின் கட்டடங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. அப்போது நடந்தது இந்த வரலாற்றின் மிக முக்கியமான படிப்பினை. செப்டம்பர் 9 அன்று அமெரிக்கா இந்தோனேசியாவோடு ராணுவ உறவை நிறுத்தியது. பிரிட்டன் ஹாக் விமானங்களை அனுப்புவதை நிறுத்தியது. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் உதவி தடைப்படலாம் என்று உணர்த்தின. ஆக்லாந்தில் கூடியிருந்த ஆசிய பசிபிக் தலைவர்களிடையே திமோர் முக்கியப் பேச்சாயிற்று. செப்டம்பர் 12 அன்று ஹபிபி பன்னாட்டுப் படையை ஏற்பதாக அறிவித்தார். 15 அன்று பாதுகாப்பு அவை ஒப்புதல் தந்தது. 20 அன்று ஆஸ்திரேலியா தலைமையிலான படை டிலியில் இறங்கியது. இணைப்பைச் சட்டப்படி ஏற்ற ஒரே மேலை நாடே, அந்த இணைப்பின் முடிவுக்குக் காவலாக வந்து நின்றது. ஜெனீவா ஆணையமும் சிறப்புக் கூட்டம் நடத்தி விசாரணை கோரியது. 24 ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது, ஆயுதமும் பணமும் உண்மையிலேயே நிறுத்தப்பட்டதும் சில நாள்களில் நடந்தேறியது.

எஞ்சிய கணக்கு

2002 மே 20 அன்று கிழக்குத் திமோர் விடுதலை பெற்றது. அந்நாட்டின் 'ஏற்பு, உண்மை, நல்லிணக்க ஆணையம்', போர்ச்சுக்கீசியர் காலத்தில் கட்டப்பட்டு இந்தோனேசியர் காலத்திலும் சிறையாக இருந்த டிலியின் பலிதே கட்டடத்தில் இயங்கி, 7,500-க்கு மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டியது. போதும், இனி வேண்டாம் என்று பொருள்படும் 'செகா' என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட அதன் 2005 அறிக்கை, 1974 முதல் 1999 வரை மோதலின் விளைவாக நேர்ந்த மரணங்கள் குறைந்தது ஏறத்தாழ 1,02,800 என்று மதிப்பிட்டது. அவற்றில் சுமார் 18,600 நேரடிக் கொலைகளும் காணாமற்போக்கல்களும். எஞ்சிய 84,200 அளவில் பசியாலும் நோயாலும் நேர்ந்தவை. பசியின் பெரும்பகுதி, உலக அவை தீர்மானங்களைத் தேயவிட்ட 1970-களின் பிற்பகுதியில் நேர்ந்தது என்பதை மறக்கலாகாது. இந்தோனேசியாவின் செயலோடு, அதற்கு ஆயுதமும் அரசியல் துணையும் தந்த நாடுகளின் பொறுப்பையும் அறிக்கை பெயர் சொல்லி எழுதியது. 1999 வன்முறைக்காக ஜகார்த்தாவின் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 18 பேரும் இறுதியில் விடுதலையாயினர். நீதி என்ற கணக்கு இன்றும் தீரவில்லை.

இந்த 24 ஆண்டு வரலாற்றிலிருந்து, நிலத்தின் கேள்வியைத் தவிர்த்து மக்களின் நிலையை மட்டும் பேசும் வழக்கம் பயனற்றது என்ற முடிவுக்கு வருவது சரியாகாது. ஜெனீவாவின் குறுகிய வாசல் இல்லாதிருந்தால் திமோரின் செய்தி உலக அவைகளிலிருந்து முற்றிலும் மறைந்திருக்கும். 1991-இன் படச்சான்றைக் கையிலெடுக்க ஒரு மேடையும் இருந்திருக்காது. ஆனால் அந்த வாசல் வழியே சென்ற அரசுகள் பலவும், கொலைகளைத் தனித்தனி மீறல்களாக எண்ணிக் கண்டித்தனவே அன்றி, ஒரு மக்களின் விருப்பத்தைக் கேட்காமல் அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதிலிருந்தே அந்தக் கொலைகள் அனைத்தும் கிளைத்தன என்பதைச் சொல்லத் தயங்கின. இடுகாட்டுக்கு நடந்த இளைஞர்கள் ஏந்திய பதாகைகளில் இரண்டு கேள்விகளும் சேர்ந்தே இருந்தன. கொல்லப்பட்ட நண்பனுக்கு நீதி கேட்டவர்களே நாட்டின் விடுதலையையும் கேட்டனர்.

பலிதே சிறையின் சுவர்களில் கைதிகள் கீறிவைத்த எழுத்துகள் அழிக்கப்படாமல் இன்றும் காக்கப்படுகின்றன. ஆணையம் திரட்டிய ஆவணங்களும் அந்தக் கட்டடத்திலேயே பேணப்படுகின்றன. அயல்நாட்டு அரசுகள் ஒவ்வொரு முறையும் தெரிவித்த கவலைக்கு மூலமாக இருந்தவை, இத்தகைய மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்து வெளியே சொன்ன சொற்களே. அவற்றை 1977-இலேயே செவிமடுத்து, 1999 செப்டம்பரில் எடுத்த முடிவுகளை அப்போதே எடுத்திருந்தால், அந்த மலைகளில் பசியால் மடிந்தவர்களில் பலர் பிழைத்திருக்கக்கூடும்.